பூட்டியின் பதக்கம்

நல்லூரானுக்குக் கொடியேற முன்னமே எங்கட ஒழுங்கையின் மணம் மாறிவிடும். வீடு கழுவித் தெளித்த மஞ்சள் தண்ணி, முற்றத்துச் சாணி. மச்சச் சட்டிகள் கோடிப்பக்கம் கவிழ்ந்து கிடக்கும். 25 நாளும் மீன்காரர் எங்கட படலையில் ஹோர்ன் அடிக்கமாட்டார். பத்தாம் நாள் மஞ்சத்துக்குக் கச்சான் கொறித்துக்கொண்டுதான் நடப்போம். சுடுமணலில் வறுபடுகிற அந்த மணம் பருத்தித்துறை வீதியில் திரும்பினவுடனேயே மூக்கில் ஏறும்.

சப்பறத்தன்று பின்னேரம் ஆச்சி றங்குப்பெட்டியைத் திறப்பா. பூச்சி உருண்டை மணத்துக்குள்ளே, ரோஸ் கடதாசியில் சுற்றின பதக்கம். சுற்றிவரச் சிவப்புக் கல், நடுவில் ஒரு வெள்ளை, கீழே சின்ன முத்து. கன்னாதிட்டியில் செய்வித்து, ஆச்சியின் தாய்க்குச் சீதனமாக வந்தது. பூந்திக்கொட்டைத் தண்ணியில் ஊறவைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்ப்பது என் வேலை. ஆச்சி முதலில் சாமிப்படத்துக்குக் காட்டிவிட்டுத்தான் கழுத்தில் போடுவா. அவ போன பிறகு அம்மாவின் கழுத்துக்கு வந்தது.

விடிய இருட்டோடு முழுகிப் போனால், வெள்ளை மணலில் சிதறு தேங்காய்த் தண்ணி ஊறிக் கிடக்கிறது. கற்பூரப் புகை கண்ணைக் கரிக்கிறது. பிரதட்டை உருளுகிற ஆம்பிளைகள், பின்னால் அடியழிக்கிற பெண்கள், காவடிக்குத் துள்ளுகிற தவில். சண்முகர் தேரடிக்கு வர, வடம் இறுகுகிறது. அந்த அரோகராவைச் சொல்லி முடியாது.

1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள்ளே செம்மணி வழியாக நாவற்குழிப் பாலம் தாண்டிச் சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்தபோது, அம்மாவின் சீலைத் தலைப்பு முடிச்சில் அந்தப் பதக்கம்தான் இருந்தது. தென்மராட்சியில் மற்ற நகையெல்லாம் அரிசியாகவும் மருந்தாகவும் போயிற்று. அதை மட்டும் அம்மா அவிழ்க்கவேயில்லை.

ஏ9 பாதை திறந்த 2002இல் நல்லூர்த் தேருக்குக் கொழும்பிலிருந்தும் வன்னியிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் சனம். தேர் இருப்புக்கு வந்த பிறகு, தண்ணீர்ப் பந்தலில் சர்க்கரைத் தண்ணிக்குக் கை நீட்டின அம்மா மற்றக் கையைக் கழுத்தில் வைத்தா. சங்கிலி இருந்தது. பதக்கத்தைக் கோத்த வளையம் தேய்ந்து அறுந்திருக்க வேண்டும். அப்பா துண்டெழுதிக் கொடுத்தார். திறப்புக்கோர்வை, வழிதவறின பிள்ளை, எங்கட பதக்கம் என்று ஒலிபெருக்கி மாறி மாறிச் சொன்னது. பிள்ளை கிடைத்தது. பொழுதுபடும்வரை மணலை அளைந்தோம். முன்பின் தெரியாதவர்களும் எங்களோடு குந்தியிருந்து அளைந்தார்கள். அகப்பட்டது யாருடையதோ ஒரு தோட்டுச் சுரையும் கச்சான் கோதும்தான். ஆரோ எடுத்திருப்பினம் என்றது அயல். அம்மா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

அர்ச்சனைச் சீட்டு இன்றைக்கும் 1 ரூபாதான். நகை போட்டு வராதேங்கோ என்று ஒலிபெருக்கி சொல்கிறது. அம்மா மஞ்சள் கயிற்றோடு போறா. கனடாவில் இருக்கிற தங்கச்சியின் மகளுக்கு அதேமாதிரி ஒரு பதக்கம் வேண்டுமாம். இருக்கிற ஒரே போட்டோவில் சீலைக்கரை பாதியை மறைக்கிறது. சிவப்புக் கல் ஏழு என்கிறா அம்மா. ஒன்பது என்கிறா பெரியம்மா. என் விரலுக்கு எட்டு என்றுதான் நினைவு. மூன்று கணக்கையும் பத்தரிடம் சொல்லியிருக்கிறோம். கீறிக் காட்டுகிறேன் என்றிருக்கிறார்.