துள்ளும் புள்ளிகளும் கொத்மலைப் பாசியும்

ஹட்டனிலிருந்து புறப்பட்ட ரயில் தலவாக்கலையைத் தாண்டி நானுஓயாவில் இறக்கிவிட்டது. அங்கிருந்து பஸ்ஸில் நுவரெலியா. கிரகரி ஏரி 1873இல், ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் உருவானது. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் அதிகமான உயரம் என்பதால் விடியற்காலைத் தண்ணீர் கையைச் சில்லிட வைக்கிறது.

கரையோரம் கண்ணாடிப் போத்தலில் நீர் அள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள் விட்டுவிட்டுத் துள்ளின. விலங்கு மிதவை உயிரிகள். பாசியைத் தின்று வாழும் இவைதான் மீன்குஞ்சுகளின் முதல் இரை.

இவற்றின் பெருக்கம் பருவத்தைப் பின்பற்றும். வட அட்லாண்டிக்கின் குளிர்கடலில் கலானஸ் என்ற மிதவை உயிரி, குளிர்காலத்தை நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் உறக்கநிலையில் கழிக்கும். வசந்தத்தில் ஒளி கூடிப் பாசி பெருகும் வேளையில் மேலேறி வந்து முட்டையிடும். அங்கே பருவத்தைத் திருப்புவது சூரியன். மலைநாட்டிலோ ஆண்டு முழுக்கப் பகலின் நீளம் ஏறக்குறைய ஒன்றுதான், மழைதான் பருவம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது ஓயாக்கள் எனப்படும் ஓடைகள் மண்ணையும் உரத்தையும் சேர்த்தே இழுத்து வருகின்றன. கலங்கல் நீரில் வெளிச்சம் இறங்காது. வெள்ளம் மிதப்பவற்றை அடித்துக்கொண்டு போகும். மழை ஓய்ந்து நீர் தெளிந்த பின், தங்கிய உரத்தில் பாசி செழிக்கும். அதை மேய மிதவை உயிரிகளும் பெருகும்.

"மழைக்கு முந்திப் போட்ட உரமெல்லாம் ஓடையிலதான் தம்பி சேருது" என்றார், லீக்ஸ் பாத்தியில் களையெடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர்.

அந்த ஓடைகள் போய்ச் சேரும் கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1991இல் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி படர்ந்தது. ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் சுவர்ணா பியசிறி அதை ஆராய்ந்து எழுதினார். இந்தப் பாசி கொழகொழத்த திரள்களாகத் திரண்டுவிடும். சின்ன உயிரிகளின் வாய்க்கு அடங்காது, நஞ்சும் சுரக்கக்கூடியது. குளிர்நாட்டு ஏரிகளில் பாசியை மேய்ந்து தீர்க்கும் பெரிய டாஃப்னியா நீர்த்தெள்ளுகள் வெப்பமண்டல நீர்நிலைகளில் அரிது. இலங்கையரான மிதவையியல் அறிஞர் சி. எச். ஃபெர்னாண்டோ இதைத் தம் ஆய்வுகளில் எடுத்துக்காட்டியவர். பாசி மிஞ்சிப்போனால் மேய்ந்து அடக்க இங்கே ஆள் குறைவு.

ஆகவே காவல் கரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். மழை பார்த்து உரம் போடுவதும், ஓடைக்கரையை வெட்டாமல் புல் வளரவிடுவதும் தோட்டங்களுக்கும் மரக்கறிச் செய்கையாளருக்கும் தாங்க முடியாத செலவல்ல. கொத்மலை நீர் மகாவலியில் கலக்கிறது. கண்டி நகரம் குடிப்பதும் பெரும்பாலும் அந்த மகாவலித் தண்ணீரைத்தான்.