வலிக்காத வியாதி

சகோதரிகளே, நம் பெண்களிடம் ஒரு குணம் உண்டு. வலி பொறுக்க முடியாமல் போனாலொழிய டாக்டரிடம் போவதில்லை. "இதற்கெல்லாமா ஆஸ்பத்திரி?" என்று சுக்குக் கஷாயத்தோடு நிறுத்திக் கொள்வோம். ஆனால், ஆரம்பத்தில் வலியே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் வளரும் வியாதியை என்ன செய்வது?

கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுநோயைத்தான் சொல்கிறேன். அதற்கு வித்திடுவது எச்.பி.வி. என்னும் கிருமி. இந்தத் தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் ஸுர் ஹவுஸனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. தாம்பத்திய உறவினால் தொற்றும் இக்கிருமி, பெரும்பாலோரிடம் வந்த சுவடு தெரியாமல் மறைந்து விடும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அதை விரட்டி விடுகிறது.

அந்தச் சக்தியையே எச்.ஐ.வி. அரித்திருந்தால்? கிருமி லேசில் போகாது. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இப்புற்றுநோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஆறு மடங்கு. சாதாரணமாக 15, 20 ஆண்டுகளில் முற்றுவது, எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களிடம் 5 முதல் 10 ஆண்டுகளிலேயே முற்றி விடக்கூடும்.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் நம் நாட்டில் முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டறிந்தபோது, இதற்குத் தக்க மருந்து இல்லை. 2004 முதல் அரசாங்கமே மருந்தை இலவசமாகக் கொடுத்து வருகிறது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடும் பெண் இன்று வேலைக்குப் போகிறாள். கல்யாணம் செய்து கொள்கிறாள். தொற்றில்லாத குழந்தையையும் பெற்றெடுக்கிறாள். "மாத்திரைதான் சாப்பிடுகிறேனே!" என்று அவள் நிம்மதியாக இருப்பதும் நியாயந்தான். ஆனால் கர்ப்பப்பை வாயைத் தனியே பார்த்தால்தான் அதன் நிலை தெரியும்.

எச்.ஐ.வி. உள்ள பெண்கள் 25 வயதிலிருந்து, 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒரு தடவை பரிசோதனை செய்து கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எச்.பி.வி. இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை உண்டு. காடியில் உள்ள அமிலத்தைத் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்க்கும் எளிய முறையும் உண்டு. கெட்டுப் போன இடம் வெளுத்துக் காட்டும். ஆரம்பத்திலேயே கண்டால், கர்ப்பப்பையை எடுக்காமலே குணப்படுத்தி விடலாம். எச்.பி.வி. தடுப்பூசியும் இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ள சிறுமிகளுக்கு மூன்று தவணை போடுவது நல்லது. ஊசி போட்டாலும் பின்னால் பரிசோதனை அவசியம்.

இவ்வளவு வசதி இருந்தும் பல பெண்கள் ஏன் போவதில்லை? கூச்சம் ஒன்று, "யாராவது கேட்டு விட்டால்?" என்ற பயம் இன்னொன்று. எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுக்கக் கூடாது, சம்மதமின்றி அதை வெளியே சொல்லவும் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் ஆஸ்பத்திரி வாசலில் துணை நிற்கும். வீட்டிலிருந்து அந்த வாசல் வரை யார் துணை?

அவள் உங்கள் அண்ணன் மகளாக இருக்கலாம். பக்கத்து வீட்டு மருமகளாக இருக்கலாம். தாயிடமிருந்து பிறவியிலேயே அது வந்திருக்கலாம், கணவனிடமிருந்தும் வந்திருக்கலாம். நம்பி உங்களிடம் சொன்னால், எப்படி வந்தது என்று துருவாதீர்கள். "பரிசோதனைக்கு என்றைக்குப் போகலாம்? நானும் வருகிறேன்" என்று சொல்லுங்கள்.