கடன்பட்ட நாட்டின் கார்கள்

போருக்குப் பின் ஆங்கிலேயர் செய்த ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிப் பேச்செழுந்தால், அவை செல்வர்தம் விளையாட்டுப் பொருள்கள் என்று நண்பர் சிலர் நகைத்து ஒதுக்குவர். தாழ்ந்த உடலும் நீண்ட முகமும் திறந்த மேற்புறமும் அவ்வெண்ணத்தையே தருகின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பிறப்பை நோக்கின், அவற்றை வறுமையின் மக்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

1945இல் பிரிட்டன் போரில் வென்றது. கருவூலமோ வெறுமையாகக் கிடந்தது. மறு ஆண்டே அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் பெற்றது. அதன் இறுதித் தவணை 2006 டிசம்பரில்தான் தீர்ந்தது என்றால் பளு எத்தகையது என்பது விளங்கும். போர்க்காலத்திலும் பங்கீட்டுக்கு உட்படாத ரொட்டி 1946இல் உட்பட்டது. இறைச்சிப் பங்கீடு 1954 வரை நீடித்தது. டாலர் வேண்டுமாயின் ஏற்றுமதி வேண்டும். ஏற்றுமதி செய்வோர்க்கே எஃகு என்றது அரசு.

அந்நிலையில்தான் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் காட்சியில் ஜாகுவாரின் எக்ஸ்கே 120 வந்து நின்றது. மணிக்கு 120 மைல் என்பது பெயரிலேயே இருந்தது. சூழ்ந்து நின்று வியந்தவர்களோ பெட்ரோலுக்குப் பங்கீட்டுச் சீட்டை நம்பியிருந்தவர்கள்!

ஆக்ஸ்போர்டை அடுத்த ஆபிங்டன் என்னும் சிற்றூரில் எம்.ஜி. கார்கள் உருவாயின. 1955 முதல் 1962 வரை அங்கே செய்த எம்.ஜி.ஏ. கார்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றுள் உள்நாட்டில் தங்கியவை ஆறாயிரத்துக்கும் குறைவு. பட்டு நெய்பவன் வீட்டில் பட்டுடுத்துவார் எவர்?

இவ்வண்டிகளின் உள்ளுறுப்புகள் பெரும்பாலும் எளிய குடும்பக் கார்களிலிருந்து எடுத்தவை. 1958இல் வந்த ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்டுக்கு ஆஸ்டின் ஏ35இன் இஞ்சின். மாரிஸ் மைனரின் ஸ்டீயரிங். பின்பக்கம் டிக்கிக்கு மூடியே இல்லை. பெட்டியை இருக்கைக்குப் பின்னே நுழைத்துத் தள்ளவேண்டும். விளக்குகளை மடங்கி எழுமாறு அமைக்கச் செலவாகும் என்று முன்மூடியின் மேலேயே நிறுத்திவிட்டார்கள். அச்சிக்கனமே அதற்குத் தவளைக்கண் என்ற செல்லப் பெயரையும் ஈட்டித் தந்தது. விலையுயர்ந்த பல கார்களைவிட இந்த முகமே எம் உள்ளத்தைக் கவர்கிறது.

எம் இல்லத்தில் இருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டை எண்ணாமல் இவ்விடத்தைக் கடக்க இயலவில்லை. சென்னைக்குத் தெற்கே, வண்டலூர்ப் பக்கம், 1961இல் தொடங்கிச் செய்யப்பட்ட குடும்பக் கார் அது. அதன் முன்மூடி, மட்கார்டுகளோடு சேர்ந்து முழுமையாக முன்னோக்கிச் சாயும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேல் அமர்ந்தே வேலை பார்ப்பார். குறுகிய தெருவிலும் ஒரே வீச்சில் திரும்பும். எம் தந்தையார் அதனைக் கடைக்கும் கோயிலுக்கும் ஓட்டிச் சென்றாரேயன்றி எவரோடும் போட்டியிட்டதில்லை. அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே இத்தாலியக் கலைஞர் மிக்கெலொட்டி வரைந்த உடலைப் பொருத்தியதே டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்பதைப் பின்னாளில் அறிந்தோம். அதன் முன்மூடியும் அவ்வாறே சாயும். பணமின்றிக் கைவிடப்பட்ட அந்த முன்மாதிரி, 1961இல் நிறுவனத்தை லேலண்டு வாங்கியபோது, தொழிற்சாலை மூலையில் துணி போர்த்திக் கிடந்ததாம். 1962இல் அது வெளிவந்தது. மூன்று லட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

வாங்கியவர் விதித்த சட்டமே பின்னர் இவற்றின் உருவைக் கெடுத்தது. அமெரிக்க மோதல் விதிகளுக்காக 1974இல் எம்.ஜி.பி.யின் ஒளிரும் பம்பரை நீக்கிக் கரிய ரப்பரைப் பொருத்தி, உடலையும் உயர்த்தினார்கள். 1980 ஆகஸ்டில் ஸ்பிட்ஃபயர் நின்றது. அக்டோபரில் ஆபிங்டன் தொழிற்சாலையே மூடப்பட்டது.

ஆங்கில நாட்டின் ஈரம் அங்கே தங்கிய வண்டிகளைத் துருவாக்கிற்று. கலிபோர்னியாவின் வறண்ட காற்றில் பல பிழைத்திருந்தன. டாலருக்காக அனுப்பிய அவற்றை இப்போது அந்நாட்டார் பவுன் கொடுத்துத் திரும்ப வாங்கி, இடப்பக்க ஸ்டீயரிங்கைக் கழற்றி வலப்பக்கம் மாற்றிக்கொள்கிறார்கள்.