பின் அட்டை விற்ற பிறகு

விழா மலரில் ஓர் எழுத்துக்கூட எழுதப்படும் முன்பே விலைபோவது பின் அட்டைதான். கோயில் குடமுழுக்கோ, பள்ளியின் நூற்றாண்டோ, தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவோ, எதுவானாலும் மலர்க்குழு கூடும் முதல் நாளே பொருளாளர் கட்டணப் பட்டியலோடு வந்துவிடுவார். பின் அட்டை, அட்டைகளின் உள்பக்கங்கள், நடுப்பக்கம், முழுப்பக்கம், அரை, கால் என்று பட்டியல் இறங்கிக்கொண்டே போகும். ஊரின் பெரிய நகைக்கடையோ ஜவுளிக்கடையோ பின் அட்டைக்கு ஒப்புக்கொண்டால் குழுவுக்குத் தெம்பு வந்துவிடும். உள்ளே என்ன அச்சிடுவது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.

மலர் தயாரிப்பையே தொழிலாகக் கொண்டவர்கள் இதைக் குறையாகச் சொல்வதில்லை. புத்தகம் வெளிவரும் முன்பே செலவுக்குப் பணம் கைக்கு வருவது அச்சுத் தொழிலில் அபூர்வம். சாதாரணப் பதிப்பாளர் முதலைப் போட்டுவிட்டு நூலக ஆணைக்கும் புத்தகக் காட்சிக்கும் காத்திருக்க வேண்டும். மலர்க்குழுவுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் பணம்தான் வந்துவிட்டதே என்று உள்ளடக்கத்தைக் கைவிட்டுவிட்டால், மலர் மேடையில் வெளியிடப்பட்டு, பொன்னாடையோடு கைமாறி, வீட்டுப் பரணில் போய்ச் சேரும். இன்ன பக்கத்தில் உங்கள் விளம்பரம் பார்த்தேன் என்று கடைக்காரரிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். அடுத்த விழாவுக்கு அவரிடம் போய் நிற்கும்போது முழுப்பக்கம் கால் பக்கமாகச் சுருங்கியிருக்கும்.

விளம்பரத்தில் பிறந்த ஒரு புத்தகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. குடியேறிகளின் பிள்ளைகளுக்காக அங்கே இயங்கிய சமூக இல்லத்தில் லிஸ்ஸி பிளாக் கேண்டர் சமையல் வகுப்பு நடத்தினார். கரும்பலகையில் எழுதிப்போட்டதைச் சிறுமிகள் பார்த்து எழுதுவதிலேயே நேரம் போனது. குறிப்புகளை அச்சிட 18 டாலர் கேட்டார். நிர்வாகக் குழு மறுத்துவிட்டது. உள்ளூர்க் கடைகளில் விளம்பரம் வாங்கி, 1901இல் 1000 படிகள் அச்சிட்டார்கள். ‘செட்டில்மென்ட் குக் புக்’ என்ற அந்த நூல் பிறகு நாற்பது பதிப்புகள் வரை போய், இருபது லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. அந்த இல்லத்துக்குப் புதிய கட்டடம் எழும்பியதில் அந்தப் புத்தகத்தின் வருமானத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

சமையல் குறிப்பைத் தொகுத்து நிதி திரட்டும் வழக்கம் அதற்கும் பழையது. உள்நாட்டுப் போரின்போது, 1864இல், காயம்பட்ட வீரர்களுக்காக ஃபிலடெல்ஃபியாவில் நடந்த சந்தையை ஒட்டி மரியா மோஸ் செய்யுளும் சமையலும் கலந்த ஒரு நூலைக் கொண்டுவந்தார். அந்நாட்டின் முதல் அறக்கொடைச் சமையல் நூலாகப் பொதுவாக அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். 1886இல் பாஸ்டனில், பெண்களின் வாக்குரிமை இயக்கம் தன் சந்தையில் விற்க ஒரு சமையல் நூலை வெளியிட்டது. ஹேட்டி பர் அதன் தொகுப்பாசிரியர். குறிப்பு தந்த பெண்களின் பெயர்கள் அதில் இருந்தன. அவர்களில் மருத்துவர்கள், எழுத்தாளர்கள், சொற்பொழிவாளர்கள் உண்டு. வாக்குரிமை கேட்கும் பெண்களுக்கு அடுப்படி தெரியாது என்று பேசியவர்களுக்கு அந்தப் பெயர்களே பதிலாக நின்றன.

பெயர்தான் இந்தத் தொழிலின் உயிர். நூறு பேரின் சமையல் குறிப்பை அவரவர் பெயரோடு போட்டால் நூறு குடும்பங்கள் அந்தப் புத்தகத்தை வாங்கும். அக்காவுக்கு ஒன்று, சம்பந்தி வீட்டுக்கு ஒன்று என்று கூடுதல் படியும் கேட்கும். பள்ளி மலரில் பழைய மாணவர் பட்டியல், குழுப்படத்தின் அடியில் இடமிருந்து வலமாக எல்லாருடைய பெயரும், ஆண்டு வாரியாகத் தலைமையாசிரியர்கள், சத்துணவு சமைத்தவர், மணி அடித்தவர் வரை வந்துவிட்டால், அந்த ஊரிலிருந்து வெளிநாடு போனவர்கூட ஒரு படி அனுப்பச் சொல்வார். பெயர் திரட்டுவது ஆசியுரை வாங்குவதைவிடப் பல மடங்கு உழைப்பு. குழுப்படத்தில் மூன்றாவது வரிசையில் நிற்கும் பையன் யார் என்று கண்டுபிடிக்க நான்கு தெரு ஏறி இறங்க வேண்டும். மலரின் மதிப்பு அந்த அலைச்சலில்தான் கூடுகிறது.

ஆசியுரையும் வாழ்த்துரையும் வேண்டாம் என்று எவரும் சொல்லிவிட முடியாது. சட்டமன்ற உறுப்பினர், ஆட்சியர், ஆதீனம், முன்னாள் தலைவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கமும் ஒரு படமும் உண்டு. அனுபவப்பட்ட மலராசிரியர் அவற்றைப் பக்கத்துக்கு இரண்டாக அடுக்கி ஒரே பாரத்துக்குள் அடக்கிவிடுவார். அப்படிச் செய்ய அவருக்குத் துணையாக இருப்பது அச்சு இயந்திரத்தின் கணக்கு.

மலர்கள் பெரும்பாலும் கிரவுன் கால் அளவில் வருகின்றன. 20க்கு 30 அங்குலத் தாள் ஒன்றை இரு பக்கமும் அச்சிட்டு மடித்தால் 16 பக்கம். அதுதான் ஒரு பாரம். ஆயிரம் படிக்கு ஒரு பாரத்துக்கு ஆயிரம் தாள், அதாவது இரண்டு ரீம். 96 பக்க மலர் என்றால் ஆறு பாரம், பன்னிரண்டு ரீம், அதோடு சேதாரத்துக்குக் கொஞ்சம். பக்கம் 97ஐத் தொட்டால் செலவு ஒரு பக்கத்தோடு நிற்காது. ஒரே வண்ணம் என்றால் பாரத்துக்கு இரண்டு பிளேட் போதும். நான்கு வண்ணத்துக்கு எட்டு. அதனால்தான் வண்ண விளம்பரங்களை எல்லாம் ஆர்ட் பேப்பரில் ஒரு பாரமாகச் சேர்த்துவிட்டு, கட்டுரைகளை மேப்லித்தோ தாளில் கறுப்பு மையில் ஓட்டுகிறார்கள். கடைசி நேரத்தில் ஒருவர் ‘என் விளம்பரம் கட்டுரைக்கு எதிரே கலரில் வர வேண்டும்’ என்றால் அந்தப் பாரத்துக்கே ஆறு பிளேட் கூடும், மையும் ஓட்டுக்கூலியும் கூடும். அந்தக் கூடுதல் செலவை அவரிடம் வாங்காமல் தலையாட்டிவிடும் பொருளாளர், திரட்டிய நிதியை அச்சகத்துக்கே திருப்பிக் கொடுக்கிறார். வசூல் நோட்டோடு பாரக் கணக்கையும் பொருளாளருக்கு முதல் நாளே சொல்லிவிடுவது நல்ல அச்சகக்காரரின் கடமை.

அரசியலிலும் மலர் பெரும் பணத்தைச் சுமந்திருக்கிறது. இந்தியாவில் நிறுவனங்கள் கட்சிகளுக்கு நன்கொடை தருவது 1969இல் தடை செய்யப்பட்டது. 1985இல்தான் தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் கட்சி மலர்களில் விளம்பரம் கொடுப்பது ஒரு வழியாக இருந்தது. கட்சி வெளியிடும் மலரிலோ துண்டுப் பிரசுரத்திலோ செய்யும் விளம்பரச் செலவை வருமானத்திலிருந்து கழிக்கக் கூடாது என்று 1978இல் வருமான வரிச் சட்டத்தில் 37(2பி) பிரிவைச் சேர்த்தார்கள். மலரின் கால் பக்கத்துக்காக நாடாளுமன்றம் ஒரு பிரிவே எழுதியது என்பதிலிருந்து அதன் வழியே போன பணத்தை ஊகிக்கலாம்.

வணிக நிறுவனம் தனக்காகவே அச்சிடும் புத்தகம் வேறு வகை. அதற்கு விளம்பரம் வாங்க வேண்டியதில்லை; புத்தகமே விளம்பரம். பிரான்சில் டயர் செய்த மிஷெலின் சகோதரர்கள் 1900இல் வாகன ஓட்டிகளுக்கான கையேட்டை 35,000 படி அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். அப்போது அந்த நாட்டில் ஓடிய கார்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. டயரை மாற்றுவது எப்படி, பெட்ரோல் எங்கே கிடைக்கும், எங்கே சாப்பிட்டுத் தங்கலாம் என்பவை அதில் இருந்தன. கார் நிறைய ஓடினால் டயர் தேயும், டயர் விற்கும். ஒரு பணிமனையில் அந்தக் கையேட்டை மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்ததை ஆந்த்ரே மிஷெலின் பார்த்ததாக அந்த நிறுவனமே சொல்கிறது. 1920இல் அதற்கு ஏழு பிராங்க் விலை வைத்தார்கள். காசு வாங்கிப் போட்ட விளம்பரங்களையும் அத்தோடு எடுத்துவிட்டார்கள். இலவசப் புத்தகம் அடிப்பவர்கள் இந்த முடிவை நின்று யோசிக்க வேண்டும். பத்து ரூபாயாவது விலை போட்ட புத்தகத்தை வாங்குபவர் புரட்டிப் பார்க்கிறார்.

கின்னஸ் கதை இன்னும் நெருக்கமானது. கின்னஸ் ஓர் அயர்லாந்து மது நிறுவனம். அதன் நிர்வாக இயக்குநர் ஹியூ பீவர் 1951இல் வெக்ஸ்ஃபோர்ட் பகுதியில் வேட்டைக்குப் போனபோது, ஐரோப்பாவில் வேட்டையாடப்படும் பறவைகளில் வேகமாகப் பறப்பது எது என்று வாக்குவாதம் வந்தது. எந்த நூலிலும் விடை இல்லை. மதுக்கூடங்களில் இப்படி எத்தனை வாக்குவாதம் நடக்கும் என்று அவருக்குத் தோன்றியது. லண்டனில் தகவல் திரட்டித் தரும் தொழில் செய்த மெக்விர்ட்டர் சகோதரர்களிடம், அத்தகைய வாக்குவாதங்களைத் தீர்க்கும் ஒரு நூலைத் தொகுக்கும் வேலையைக் கொடுத்தார்கள். 1954இல் ஆயிரம் படி அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். 1955இல் விற்பனைப் பதிப்பு வந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்குள் பிரிட்டனில் அதிகம் விற்ற நூல்களில் முதலிடம் பிடித்தது. மதுவைப் பற்றிப் பேசாமல், மது விற்கும் இடத்தில் மனிதர்கள் எதற்காக மல்லுக்கட்டுகிறார்களோ அதைப் பற்றிப் பேசிய புத்தகம் அது.

நம் ஊர் நிறுவனங்களின் பொன்விழா நூல்களில் பெரும்பாலும் இது நேர்மாறாக இருக்கிறது. நிறுவனர் படம், மகன் படம், பேரன் படம், வாங்கிய விருதுகள், அமைச்சரோடு எடுத்த படம். குடும்பத்துக்கு அது ஆவணம். வாடிக்கையாளருக்கு அதில் எதுவும் இல்லை. பிரஷர் குக்கர் பெட்டியோடு வரும் சமையல் புத்தகத்தைப் பாருங்கள். பருப்புக்கு எவ்வளவு தண்ணீர், கொண்டைக்கடலைக்கு எவ்வளவு நேரம் என்ற அட்டவணைக்காகவே அது எண்ணெய்க் கறையோடு வருடக்கணக்கில் அடுப்படியில் கிடக்கிறது. விதைக்கடைக்காரர் பட்டம், ஏக்கருக்கான விதையளவு, பூச்சி அடையாளம் எல்லாம் போட்டு 48 பக்கத்தில் ஒரு கையேடு கொடுக்கலாம். பட்டுக்கடைக்காரர் காஞ்சிபுரத்துக் கோர்வை எப்படி நெய்யப்படுகிறது, பட்டுச் சேலையை எப்படி மடித்து வைப்பது என்று போடலாம். கடையின் பெயர் அட்டையில் இருந்தால் போதும்.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால் முப்பத்தொன்றாம் நாள் நினைவு மலர் கொடுப்பார்கள். கல்வெட்டு என்றும் அதைச் சொல்வதுண்டு. அதில் வணிகமும் இல்லை, வசூலும் இல்லை. ஆனால் வாழ்க்கைக் குறிப்போடு தேவாரமும் திருவாசகமும் சேர்த்துத் தொகுப்பதால் அது சாமி அறையில் தங்கிவிடுகிறது. மறைந்தவரின் படத்தை அந்த வீடு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பார்க்கிறது. எந்த வணிக நூலும் இவ்வளவு அழகாகத் தன் இடத்தைத் தேடிக்கொண்டதில்லை.

தொழில்காரர்கள் கண்டிப்பாக இருக்க வேண்டிய ஒரு விஷயம் ஆண்டு. எத்தனையோ மலர்களில் விழா நாள் தமிழ் ஆண்டின் பெயரோடு மட்டும் இருக்கும். அந்தப் பெயரோ அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். ஸ்தல வரலாறு, கல்வெட்டு வாசகம், உபயதாரர் பட்டியல் என்று வேறெங்கும் அச்சேறாத செய்திகள் கோயில் மலர்களில் கிடக்கின்றன. ஆண்டு இல்லாத மலர் ஆய்வாளர் கையில் கிடைத்தால், அவர் விளம்பரப் பக்கங்களைத்தான் புரட்டுவார். மூன்று இலக்கத் தொலைபேசி எண்ணா, ஆறு இலக்கமா, தந்தி முகவரி இருக்கிறதா, ஊர்ப் பெயருக்குப் பின்னால் அஞ்சல் குறியீட்டு எண் இருக்கிறதா என்று பார்த்துக் காலத்தைக் கணிப்பார். அந்த எண் 1972இல் வந்தது. அது இருந்தால் மலர் அதற்குப் பிந்தையது. ஆங்கில ஆண்டு, அச்சகம், அச்சிட்ட படிகள் எத்தனை என்று இரண்டாம் பக்கத்தில் மூன்று வரி போட்டுவிட்டால் இந்தத் தேடல் தேவைப்படாது. அச்சிட்டதில் ஐந்து படிகளை மேடைக்கு அனுப்பாமல் எடுத்து வைத்து, சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் மாவட்ட மைய நூலகத்துக்கும் அனுப்பலாம். மீதி இரண்டு, பள்ளி அலமாரியிலும் மலரைத் தொகுத்தவர் வீட்டிலும் இருக்கட்டும். அடுத்த விழாவுக்கு மலர் போடுகிறவர்கள் முதலில் கேட்டு வருவது அதைத்தான்.