உனக்குத் தருவேன்

உயரத்தில் நின்று ஊரைப் பார்ப்பதில் மனிதனுக்கு ஏனோ ஒரு தனி ஆசை. வேலூர்க் கோட்டைக்குச் செல்லும் சிறுவன் மதில்மேல் ஏறாமல் திரும்புவதில்லை. ஐம்பதை எட்டிய வயதிலும் அந்த ஆசை என்னை விட்டு அகலவில்லை என்பதை அயல்நாட்டில் ஒரு நாள் உணர்ந்தேன்.

ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியப் பகுதியில், இகுவலாதா என்னும் நகரில் மூன்று ஆண்டுகள் பங்குப்பணியில் உதவிவந்தேன். இறைவனின் திட்டத்தை என்னென்பது! ஆம்பூர்த் தோல் ஷாப்பில் உழைத்தவரின் மகனை அவர் அனுப்பியது அங்கும் ஒரு தோல் நகருக்கே. அனோயா ஆற்றங்கரையில் பழைய தோல் பதனிடும் கூடங்கள் இன்றும் நிற்கின்றன. தோலுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் உண்டு. அங்கே, தோலில் ஒட்டிய சதையைச் சீவும் இரு கைப்பிடிக் கத்தியைக் கண்டேன். மற்றவர்க்கு அது பழம்பொருள். எனக்கோ அது தந்தையின் கை. சுண்ணாம்பு அரித்த விரல்களால் அவர் செபமாலை உருட்டிய காட்சி கண்முன் வந்து நின்றது.

பணிக்காலம் முடியும் தறுவாயில், மேலும் ஐந்து ஆண்டுகள் தங்கும்படி எனக்கு ஓர் அழைப்புக் கடிதம் வந்தது. முடிவை ஆயர் என்னிடமே விட்டிருந்தார். அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, விடுமுறை நாளொன்றில் இரயிலேறிப் பார்சலோனா நகருக்குச் சென்றேன்.

நகரின் பின்புறம் கோல்செரோலா மலைத்தொடர். 1992 ஒலிம்பிக் விளையாட்டுகளை முன்னிட்டு, நார்மன் ஃபாஸ்டர் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்த 288 மீட்டர் உயரத் தொலைத்தொடர்புக் கோபுரம் அங்கே நிற்கிறது. மின்தூக்கியில் அதன் பத்தாம் தளத்திற்கு ஏறினேன். முன்னே மத்தியதரைக் கடல். கீழே 1882-இல் தொடங்கப்பெற்ற திருக்குடும்பப் பேராலயம். ஒருபுறம், ஒரு காலத்தில் ஆலைக் கழிவுகளால் கறுத்து, பின்னர் மீட்கப்பட்ட பெசோஸ் ஆறு. மறுபுறம், 1522-இல் புனித இஞ்ஞாசியார் தம் வாளைக் கழற்றி அன்னைமுன் வைத்த மொன்செராத் மலை.

எல்லாம் அழகாக இருந்தன. சற்று நேரம் கழிந்த பிறகே காரணம் புரிந்தது. அங்கிருந்து ஒரு மனித முகமும் தெரியவில்லை. அழுகை கேட்கவில்லை, வாடை வரவில்லை. நம் பாலாறும் மலைமேலிருந்து பார்த்தால் வெள்ளிக் கோடுதான். அதன் கரையிலுள்ள கிணற்றில் நீர் இறைத்துக் குடிப்பவனுக்கே தோல் கழிவின் கசப்புத் தெரியும்.

கோபுரத்தினின்று இறங்கி, அருகிலுள்ள 512 மீட்டர் உயரச் சிகரத்திற்கு நடந்தேன். அதன் பெயர் திபிதாபோ. இலத்தீன் கற்றவர்க்கு இப்பெயர் திடுக்கிட வைக்கும். 'உனக்குத் தருவேன்' என்பது அதன் பொருள். உயர்ந்த மலையில் உலகின் அரசுகளையெல்லாம் காட்டி, அலகை ஆண்டவரிடம் சொன்ன வாக்கு அது.

1886-இல் புனித தொன் போஸ்கோ பார்சலோனாவிற்கு வந்தபோது, அச்சிகரத்து நிலத்தை நகர மக்கள் அவருக்கு அளித்தனர். பயணத்தின்போதே அவ்விரு சொற்களும் தம் உள்ளத்தில் ஒலித்ததாக அவர் கூறினார் என்பது சலேசிய மரபு. சோதனையின் மலையில் திருஇருதய ஆலயம் எழுப்ப அவர் விரும்பினார். 1902-இல் தொடங்கிய பணி 1961-இல் நிறைவெய்தியது. அவருடைய பிள்ளைகளான சலேசியர் 1906-இல் தஞ்சைக்கு வந்தனர். 1952-இல் உருவான நம் வேலூர் மறைமாவட்டத்தின் முதல் இரு ஆயர்களும் அச்சபையினரே.

ஆலய உச்சியில் ஆண்டவரின் திருவுருவம் இரு கைகளையும் விரித்து நிற்கிறது. அதன் கீழே அமர்ந்து கடிதத்தை எடுத்தேன். தங்குவதற்கு நான் கண்ட காரணங்கள் எல்லாம் நல்லவையே. அங்கும் குருக்கள் குறைவு; அங்கிருந்து அனுப்பும் பணத்தில் ஊரில் ஒரு சிற்றாலயத்திற்குக் கூரை போடலாம். ஆனால் சோதனை நல்லதன் உருவிலும் வரும் என்று இஞ்ஞாசியார் எச்சரித்தது, மொன்செராத்தைக் கண்ட அன்று நினைவுக்கு வராமல் போகுமா? கூரையைப் பற்றி எண்ணிய நான், அதன்கீழ் மண்டியிடுவோரில் ஒருவர் முகத்தையும் நினைத்துப் பார்க்கவில்லை. அங்கேயும் நான் கோபுரத்தின்மேல்தான் நின்றிருந்தேன்.

அப்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதே இரு சொற்களை ஆண்டவரும் கூறியிருக்கிறார். மலையுச்சியில் அன்று, பிலிப்புச் செசரியா நாட்டில், மீன்பிடிக்கும் பேதுருவிடம். அவர் தருவதாகச் சொன்னது திறவுகோல். அலகை தருவதைப் பார்த்து மகிழலாம். ஆண்டவர் தருவதைச் சுமக்க வேண்டும்.

அன்றே துணிந்து முடிவெடுத்தேன் என்று எழுதினால் பொய்யாகும். மூன்று வாரங்கள் தடுமாறினேன். மறுத்துப் பதில் எழுதிய இரவில்கூட எனக்கு உறக்கமில்லை.

ஊர் திரும்பியதும் அணைக்கட்டுப் பகுதியில் பங்கொன்று எனக்கு அளிக்கப்பட்டது. முதல் நாள் மாலை, முதிய உபதேசியார் துருவேறிய வளையம் ஒன்றை என் கையில் வைத்தார். பங்குக் கோயில், கிளைக் கிராமச் சிற்றாலயங்கள், கல்லறைத் தோட்டத்து வாயில் ஆகிய அனைத்திற்கும் உரிய சாவிகள் அதில் இருந்தன.

"சாமி, இனி இதெல்லாம் உங்களுக்குத்தான்" என்றார்.

கை தாழ்ந்தது, அத்தனை கனம். மனம் மட்டும் இலேசாயிற்று.