பட்னிடாப்பில் உறைந்த தண்ணீர்

கட்சிக்காரர் திருப்பதிக்காரர். கடன் வாங்கி ஏர் சஸ்பென்ஷன் பஸ் எடுத்து, தானே ஓட்டி, யாத்திரைக்காரர்களை வடக்கே அழைத்துப் போவது தொழில். ஒரு ஜனவரியில் வைஷ்ணோதேவி தரிசனம் முடித்து, பனி பார்க்க ஆசைப்பட்டவர்களுக்காக பட்னிடாப் ஏறினார். 2,000 மீட்டர் உயரம். விடிந்து பார்த்தால் பஸ் ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது. லெவலிங் வால்வுக்குள் ஐஸ். ஏர் பலூனுக்குக் காற்று போகவில்லை. வெயில் ஏறியதும் நிமிர்ந்தது. ஊர் திரும்பியும் அந்த வால்வு அடிக்கடி சிக்கியது. கம்பெனியில் வாரன்டி கேட்டால், "ஏர் டேங்க் தண்ணியை வடிக்காதது டிரைவர் தப்பு, மீதி பனியோட வேலை" என்று கைவிரித்தார்கள்.

1986 நுகர்வோர் சட்டம் அமலில் இருந்த காலம். சித்தூர் மாவட்ட மன்றத்தில் போட்டோம். பஸ் வைத்துச் சம்பாதிப்பவர் நுகர்வோரே அல்ல, இரண்டாவது டிரைவர் வேறு இருக்கிறார் என்பது எதிர்த்தரப்பின் முதல் ஆட்சேபம். கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட 1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கைகொடுத்தது: பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிறவர், துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான்.

பனிக்குப் பதில் சொல்ல, ரேணிகுண்டா ரோட்டு ஷெட் ஒன்றில் உட்கார்ந்து பாடம் கேட்டேன். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் ஈரம் தாங்கும். கம்ப்ரஸர் எட்டொன்பது மடங்கு காற்றை ஒரு மடங்காக நெருக்குகிறது. ஆறினால் தாங்கும் அளவு அதே 30 கிராம்தான், மிச்சமெல்லாம் தண்ணீர். பூஜ்ய டிகிரியில் காற்று தாங்குவதோ ஐந்து கிராம்கூட இல்லை. ஆக, மலையில் உறைந்த தண்ணீரில் பெரும்பங்கு கீழே சமவெளியிலேயே ஏறியது. அதைத் தடுக்கத்தானே ஏர் டிரையர்? பனி குற்றவாளி அல்ல, சாட்சி. அது இல்லாவிட்டால் உள்ளே துரு மெல்ல அரித்து, வாரன்டி முடிந்த பிறகே தெரிந்திருக்கும்.

மன்றம் நியமித்த ஆணையர் முன்னிலையில் டேங்கின் டிரெயின் வால்வு வளையத்தை இழுத்தார்கள். பால் கலந்த காபி நிறத்தில், எண்ணெய்ப் பிசுக்கோடு கொட்டியது. அதைப் பார்த்ததும் பழைய ஜாப் கார்டுகளைப் புரட்டினேன். ஒன்றில் 'டிரையர் வாயில் ஆயில்' என்று ஒரு வரி.

சர்வீஸ் மேலாளரைக் குறுக்கு விசாரணை செய்தேன். நடந்தது தெலுங்கில், சாரம் இது.

"டிரையர் சரியா இருந்தா டேங்கில தண்ணி எவ்வளவு சேரும்?"

"சேரக்கூடாது சார். பேருக்கு ஏதோ இருக்கலாம்."

"ஆயில் எங்கேயிருந்து வரும்?"

"கம்ப்ரஸர் ரிங் தேஞ்சா வரும்."

"புது வண்டியில ரிங் தேய டிரைவர் என்ன பண்ணணும்?"

பதில் இல்லை.

"டிரையர் கார்ட்ரிட்ஜ் மாத்தினீங்களா?"

"துடைச்சுப் போட்டோம்."

கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகளில் எண்ணெய் படிந்தால் அவை ஈரம் குடிக்காது, துடைத்தும் பயனில்லை. அதையும் அவரே ஒப்புக்கொண்டார்.

கம்ப்ரஸர், டிரையர், வால்வுகளை இலவசமாக மாற்றவும், வெளியே பார்த்த ரிப்பேர் செலவைத் திருப்பித் தரவும் உத்தரவானது. ரத்தான யாத்திரைகளுக்கான நஷ்டஈடு கிடைக்கவில்லை. முன்பதிவெல்லாம் வாய்ப்பேச்சு, ஒரு ரசீதும் கிடையாது. கட்சிக்காரருக்கு அதில் வருத்தம். மன்றம் செய்தது சரி என்றே எனக்குப் பட்டது.