நிராகரிக்கப்பட்ட நிரைகள்

பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்கள் தலையங்கத்தைவிட மரண அறிவித்தலுக்கே அதிகம் அஞ்சுவார்கள். தலையங்கத்தில் கருத்துப் பிழைத்தால் யாரேனும் மறுத்து எழுதுவார். இறந்தவரின் பெயர் பிழைத்தால் ஒரு குடும்பமே வாசலுக்கு வந்துவிடும். அதே அச்சம் கணினித் துறையினருக்கும் வேண்டும் என்பதை அண்மையில் உணர்ந்தேன்.

ஊர்ச் சங்கம் ஒன்று பல ஆண்டுகளாக எக்செல் தாள்களில் திரட்டிய ஊரவர் விபரங்களைத் தரவுத்தளம் ஒன்றுக்கு மாற்ற முற்பட்டது. பென்டாகோ என்னும் தரவு ஒருங்கிணைப்புக் கருவியை ஓர் இளைஞர் இயக்கினார். பெயர்களைச் சரிபார்ப்பது என் பங்கு. இத்தகைய கருவிகள் தாளை வாசிக்கின்றன, விபரங்களை ஒழுங்குபடுத்துகின்றன, பின்னர் தரவுத்தளத்தில் ஏற்றுகின்றன. இடர்ப்பாடெல்லாம் நடுவிலுள்ள வேலையில்தான்.

பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய பெயர்கள் கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக்களே. அவற்றை யுனிகோட்டுக்கு மாற்றிய பின்னரும், ஒகரக் குறி சிலவேளை ஒரு குறியீடாகவும் சிலவேளை இரு குறியீடுகளாகவும் அமைந்துவிடும். கண்ணுக்கு ஒரே பொன்னையா, கணினிக்கு இருவர். 03/04/1958 என்பது இலங்கையில் ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கில் மார்ச் 4. திதி பார்த்துத் திவசம் செய்யும் குடும்பத்துக்கு இது சிறிய வேறுபாடன்று.

கண்ணில் படும் பிழையைத் திருத்தலாம். ஓசையின்றித் தொலைவதே ஆபத்து. 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் ஆய்வுகூட முடிவுகளைப் பழைய எக்செல் கோப்பு வகையில் ஏற்றியது. அவ்வகைத் தாள் 65,536 நிரைகளுக்கு மேல் கொள்ளாது. செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரையிலான 15,841 கொவிட் தொற்றாளர்கள் நாளாந்தக் கணக்கிலிருந்து விடுபட்டனர். அவர்களோடு பழகியோரைத் தேடும் பணியும் தாமதமாயிற்று.

ஏற்க முடியாத நிரைகளைத் தனிக் கோப்பில் இடுமாறு இளைஞர் கருவியை அமைத்திருந்தார். அக்கோப்பைத் திறந்து வாசித்தேன். இறந்த திகதிக்குரிய நிரலில் சில பெயர்களுக்கு நேரே 'காணாமற் போனவர்' என்று எழுதப்பட்டிருந்தது. திகதியை எதிர்பார்த்த தரவுத்தளம் அச்சொல்லை ஏற்கவில்லை.

கட்டத்தை வெறுமையாக விட்டால் ஏறிவிடும் என்றார் சங்கத்தவர் ஒருவர். ஏறிவிடும்தான். ஆனால் இறந்த திகதி இல்லாதவர்களை உயிரோடிருப்பவர்களாகவே அத்தரவுத்தளம் கணக்கிடும். ஏதேனும் ஒரு திகதியை இட்டாலோ, தாய் இன்னும் ஏற்றுக்கொள்ளாத மரணத்தை நாம் அறிவித்தவர்களாவோம். மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணக்கிடைக்காமையை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழை வழங்க 2016இல் இலங்கைச் சட்டமே இடமளித்தது. ஒரு தரவுத்தளத்தால் அவ்வளவேனும் முடியாதா?

'நிலை' என்றொரு புதிய நிரலைச் சேர்க்கும்படி கேட்டேன். இளைஞர் தயங்காமல் சேர்த்தார். அதன் பின்னர் தாளிலிருந்த அத்தனை பேரும் தரவுத்தளத்திலும் இருந்தனர்.

தத்தம் ஊர்ப் பட்டியல்களைக் கணினியில் ஏற்ற முனையும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எத்தனை நிரைகள் ஏறின என்பதோடு நின்றுவிடாதீர்கள். ஏறாதவற்றைத் திறந்து, ஒவ்வொரு பெயராக வாசியுங்கள்.